சேருவதற்கு முன் முதலாளியைப் பாருங்கள்

வணக்கம் அக்கா,

மகளுக்கு ரெண்டு இடத்தில் வேலை கிடைத்தும் வீட்டில் ரெண்டு நாளாகப் பேச்சே இல்லை என்று சொன்னீர்கள். உங்களுக்குச் சென்னைக் கம்பெனி பிடித்திருக்கிறது; பெயர் இருக்கிறது, நாளைக்கு வரன் பார்க்கும்போதும் சொல்லிக்கொள்ளலாம். அவளுக்கோ நம் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் முப்பது பேர் வேலை பார்க்கும் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிதான் வேண்டும். ரெண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த முதலாளிகள் எதை நம்புகிறார்கள், அதற்காகப் பணத்தையும் நேரத்தையும் எங்கே செலவழிக்கிறார்கள் என்று நீங்கள் இருவருமே விசாரிக்கவில்லை.

நம் பக்கத்து மத்தளம்பாறையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் தென்காசி தனி மாவட்டம் ஆகும்வரை அதுவும் திருநெல்வேலி மாவட்டம்தான். பட்டம் இருந்தால்தான் புரோகிராம் எழுத வரும் என்று அங்கே அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ சாஃப்ட்வேர் கம்பெனியின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு நம்பவில்லை. அதை மேடையில் சொன்னதோடு விட்டிருந்தால் யாருக்கும் பயன் இருந்திருக்காது. 2004-இல் கம்பெனியே ஒரு பள்ளி தொடங்கியது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளிடம் கட்டணம் வாங்காமல், மாதாமாதம் உதவித்தொகையும் கொடுத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வெளி முதலீட்டாளர்களிடம் பணம் வாங்காமல் கம்பெனியை நடத்துவதும் அவர்கள் எடுத்த முடிவுதான். ‘இந்தக் காலாண்டில் லாபம் எவ்வளவு’ என்று வெளியாள் யாரும் கழுத்தைப் பிடிக்காததால், ரெண்டு வருஷம் கழித்துப் பலன் தரப்போகும் ஒரு பிள்ளைக்கு இன்றைக்கே செலவு செய்ய முடிகிறது. தென்காசிக்கு எடுபிடி வேலையை அனுப்பிவிட்டு கிராமத்தை வளர்க்கிறோம் என்று சொல்லவில்லை. வாடிக்கையாளர்களின் கேள்வி, புகார்களைக் கவனிக்க உதவும் ‘ஜோஹோ டெஸ்க்’ என்ற சாஃப்ட்வேர் உருவானதே அங்கேதான். 2019-இல் ஸ்ரீதர் வேம்புவே அமெரிக்காவிலிருந்து மத்தளம்பாறைக்குக் குடிவந்தார். பெரிய முதலாளியே ஊரில் இருந்து வேலை பார்க்கும்போது, ஊர்ப்பிள்ளையை மட்டமாக நினைக்க எந்த மேனேஜருக்கும் லேசில் மனசு வராது என்பது என் எண்ணம்.

இதன் மறுபக்கத்தையும் நான் பார்த்திருக்கிறேன். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் ‘நாம் ஒரே குடும்பம்’ என்று வரவேற்பறைச் சுவரில் பெரிதாக எழுதியிருந்தார்கள். முதலாளி ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு சுற்று வந்து யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பார். அதனால் வேலை முடிந்தவர்களும் சும்மா உட்கார்ந்திருப்போம். அப்பாவை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது மூன்று நாள் லீவு கேட்டேன். “உனக்குப் பதில் ஆள் கிடைப்பது கஷ்டமில்லை” என்றார் மேனேஜர். அவர் கெட்டவர் இல்லை அக்கா. மேலே இருப்பவர் எதைக் கவனிக்கிறாரோ அதையேதான் அவரும் கவனித்தார். அந்த வார்த்தை இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

சின்ன கம்பெனியில் முதலாளியின் குணம் நேராக மகள் மேல் விழும், நல்லதானாலும் கெட்டதானாலும். பெரிய கம்பெனியில் அது நாலு படி இறங்கி டீம் லீடர் வழியாகத்தான் வரும். அதனால் அங்கே எந்த டீம், யாருக்குக் கீழே வேலை என்று சேருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

சரி, எப்படி விசாரிப்பது? ‘உங்கள் லட்சியம் என்ன’ என்று கேட்டால் மனப்பாடமாகப் பதில் வரும். போன வருஷம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள், முதல் ஆறு மாதம் யார் சொல்லிக்கொடுப்பார்கள், கடைசியாக ஒரு பெரிய தவறு நடந்தபோது என்ன செய்தார்கள் என்று மகளே கேட்கட்டும். அங்கிருந்து விலகிய ஒருவரிடமும் அவள் பேச வேண்டும். வண்ணார்பேட்டை பக்கம்தானே, ஒருநாள் ஏழு மணிக்கு மேல் நீங்களே போய், எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, யார் எப்போது எந்த முகத்தோடு வெளியே வருகிறார்கள் என்று பாருங்கள். ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வோம் என்று யார் சொன்னாலும், எவ்வளவு சம்பளம் என்றாலும், கொடுக்காதீர்கள்.

இவ்வளவு விசாரித்த பிறகும் வண்ணார்பேட்டை நல்ல இடமாகவே தெரிந்தால், நான் மகள் பக்கம்தான். சனிக்கிழமை நாலு மணிக்கு அவளையும் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வாருங்கள். ரெண்டு ஆஃபர் லெட்டரையும் எடுத்து வாருங்கள். சென்னைக்காரர்கள் கொடுத்ததில் பாண்ட் பற்றி, அதாவது இத்தனை காலம் விலகாமல் வேலை பார்க்க வேண்டும் என்ற ஒப்பந்தம் பற்றி எழுதியிருக்கும் பக்கத்தை மூன்று பேரும் சேர்ந்து வரி வரியாகப் படிப்போம்.