மூடி கைமாறிய நாள்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு ஆறு மாதமும் பத்து நாளும் ஆகின்றன. உங்கள் கட்டுரைகளை முன்பெல்லாம் வந்த அன்றே வாசித்துவிடுவேன். இப்போது ஒரு பத்தியைக் கடப்பதற்குள் அவன் எழுந்துவிடுகிறான். பால், துணி மாற்றல், தாலாட்டு, மறுபடி பால். நேற்றுக்கும் இன்றைக்கும் வித்தியாசமே இல்லை. மூன்று மாதத்தில் இரவு ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கியவன், இப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விழிக்கிறான். ஊட்டினால் துப்புகிறான். உறவில் இதே வயதுக் குழந்தை உட்காருகிறதாம், இவன் சாய்ந்துவிடுகிறான். மாலையில் கணவர் வந்து, "இன்று என்ன செய்தாய்?" என்று சாதாரணமாகத்தான் கேட்கிறார். எனக்கு அழுகை வருகிறது. குழந்தை மேல் உயிரையே வைத்திருக்கிறேன், ஆனால் இந்த நாட்கள் எனக்குப் பிடிக்கவில்லை. இது தவறா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

தவறில்லை. குழந்தை மேல் இருக்கும் அன்பும், ஒரு பகலை ஓட்டுவதில் இருக்கும் அலுப்பும் வேறு வேறு கணக்குகள். ஒன்றில் கூடினால் மற்றதில் குறையும் என்பதில்லை.

ஆனால் 'வித்தியாசமே இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் மகளுக்கு ஐந்தரை மாதம் ஆனபோது மனைவி வேலைக்குத் திரும்பினாள். வீட்டிலிருந்து எழுதுகிறவன் என்பதால் பகல் முழுவதும் பிள்ளை என்னிடம். முதல் இரண்டு வாரம் நானும் உங்களைப் போலத்தான் பொழுதைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் டப்பா மூடி ஒன்று அவள் கைக்குப் போனது.

உள்ளங்கையைவிட அகலமான, மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் மூடி. வலது கையில் வைத்திருந்தாள். இடது கை வந்து மறு விளிம்பைப் பற்றியது. இரண்டு கைகளும் இழுத்தன, எதுவும் விடவில்லை. பிடிக்கத் தெரிந்த கைக்கு விடத் தெரியவில்லை. மூச்சு வாங்க, எச்சில் மார்பில் வழிய, கடைசியில் மூடியை வாய்க்குக் கொண்டுபோய் ஈறுகளால் கவ்வினாள். வாய் பிடித்துக்கொண்டதும் வலது கை தளர்ந்தது. மூடி இடது கைக்குப் போயிற்று. மூன்று நாட்கள் எல்லாப் பொருளும் வாய் வழியாகத்தான் கைமாறின. நான்காம் நாள் வாய் தேவைப்படவில்லை. வலது கையின் விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மூடி அந்தப் பக்கம் போன பிறகு, காலியான கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பற்றுவது பிறவியிலேயே வருகிறது. பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுக்கிக்கொள்ளும். நினைத்தபோது விடுவதைத்தான் மாதக்கணக்கில் கற்க வேண்டியிருக்கிறது. அன்று மாலை மனைவி வந்ததும், "மூடியைக் கைமாற்றினாள்" என்றேன். தோள்பையைக்கூட இறக்காமல் தரையில் உட்கார்ந்து, இன்னொரு முறை செய்கிறாளா என்று காத்திருந்தாள். உங்கள் கணவர் கேட்கும்போது இப்படிப்பட்ட ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் அருகில் இருந்ததால்தான் அது நடந்தது. விழுந்த மூடியை எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாத குழந்தை அந்தப் பாடத்தை எங்கிருந்து படிக்கும்?

இரவு விழிப்புக்கு வருகிறேன். ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று பயப்படாதீர்கள். நான்காம் மாதத்தை ஒட்டிக் குழந்தையின் உறக்கம் பெரியவர்களின் உறக்கத்தைப் போலச் சுற்றுச் சுற்றாக அமையத் தொடங்குகிறது. சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே லேசாக விழிப்பு வரும். மடியில் தூங்கியவன் அந்நேரம் மடியைத்தான் தேடுவான். குப்புறப் புரளக் கற்றவன் தூக்கத்திலும் புரண்டு எழுந்துவிடுவான். பகலும் இரவும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம் தூங்கினால் இந்த வயதுக்குப் போதும். மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணை, தளர்ந்த போர்வை எதுவும் அருகில் வேண்டாம். துணியில் சுற்றிப் படுக்க வைக்கும் வழக்கம் இருந்தால், புரள முயன்ற நாளோடு அதை நிறுத்திவிட வேண்டும்.

துப்புவது வெறுப்பல்ல. வாய்க்குள் வரும் கெட்டியான எதையும் நாக்கு வெளியே தள்ளும் அனிச்சைச் செயல் இந்த மாதங்களில்தான் மெல்ல மறைகிறது. இரும்புச்சத்துக்காகவாவது ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலோடு மசித்த உணவும் வேண்டும் என்பது உண்மை. இரண்டு வாய் போதும், நாளைக்கு மறுபடி கொடுங்கள்.

உட்காருவதைப் பற்றி உறவினர் சொன்னதை அவரிடமே விட்டுவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உதவியில்லாமல் உட்காரும் வயது ஏறக்குறைய நான்கு மாதத்திலிருந்து ஒன்பது மாதம் வரை விரிந்து கிடக்கிறது. அந்தக் குழந்தைகளில் நூற்றுக்கு நான்கு பேர் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழவே இல்லை. ஒன்பது மாதம் கடந்தும் உட்காரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, வந்த திறமை மறைந்துபோகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். ஆறு மாதத்தில் சாய்வது சாய்வதுதான், குறையல்ல. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் இந்தப் பிராயத்துக்குச் செங்கீரைப் பருவம் என்று பெயர் வைத்து, கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடும் ஆட்டத்தையே பத்துப் பாடல்களில் ஆடச் சொல்லிக் கேட்டார்கள். எழுந்து உட்கார் என்று அவசரப்படுத்தவில்லை. எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

அழுகையைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். நான் கடக்க விரும்பவில்லை. பேறுகாலத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு முதல் மாதத்தில்தான் வரவேண்டும் என்றில்லை. முதல் ஆண்டில் எப்போதும் வரலாம். இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நேரம் மனம் கனத்தே இருந்தால், குழந்தை தூங்கும்போதும் உங்களால் தூங்க முடியாவிட்டால், மருத்துவரிடம் சொல்லுங்கள். சிகிச்சை உண்டு, குணமாகும். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் ஒரு கணம் வந்தாலும் அன்றே சொல்லிவிடுங்கள்.

உங்கள் கணவருக்கும் ஒன்று. இரவில் நான்கு மணி நேரம் குழந்தை உங்கள் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய்ப்பாலைப் பீய்ச்சி வைத்திருந்தால் நீங்களே ஊட்டலாம். இல்லாவிட்டால் பாலுக்கு மட்டும் தாயிடம் கொடுத்து, துணி மாற்றுவதையும் தோளில் போட்டு நடப்பதையும் நீங்கள் பாருங்கள். முதல் சில இரவுகள் உங்களிடம் அதிகமாக அழுவான். பழகிவிடுவான். நானும் அந்த அழுகையைத் தோளில் சுமந்து நடந்தவன்.

சகோதரி, அடுத்த கடிதத்தில் அவன் கையில் என்ன இருந்தது என்று எழுதுங்கள். ஒரு வரி போதும். நடுவில் அவன் எழுந்துவிட்டால், நின்ற இடத்திலேயே அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்.