சபாநாயகர் பெட்டி பூத்ராய்ட்: கேள்வி பதில்

பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபைக்கு முதல் பெண் சபாநாயகரான பெட்டி பூத்ராய்ட் (1929–2023) பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

கே: நடனக் குழுவில் இருந்தவர் நேரே அரசியலுக்கு வந்துவிட்டாரா சார்?

ப: நேரே எங்கே வந்தார்! முதலில் நின்றது 1957, ஜெயித்தது 1973. யார்க்‌ஷயரின் டியூஸ்பரி என்ற ஆலை ஊர்க்காரர். பெற்றோர் நெசவாலைத் தொழிலாளர்கள். டில்லர் கேர்ள்ஸ் குழுவில் ஆடியது கொஞ்ச காலம்தான், பத்திரிகைகள்தான் அதை விடவில்லை. பார்பரா காசில் போன்ற எம்.பி.க்களிடம் செயலாளராக இருந்ததே நிஜமான பயிற்சி. லெஸ்டர் தென்கிழக்கு (1957), பீட்டர்பரோ (1959), நெல்சன் அண்ட் கோன் (1968), ரோசன்டேல் (1970): நான்கிலும் தோல்வி. ஐந்தாவதாக வெஸ்ட் பிரோமிச் இடைத்தேர்தலில் வென்றபோது வயது 43.

கே: அவருக்கு முன் அந்த நாற்காலியில் எந்தப் பெண்ணும் உட்கார்ந்ததில்லையாமே?

ப: தப்பு. 1970 முதல் 73 வரை பெட்டி ஹார்வி ஆண்டர்சன் துணைச் சபாநாயகராக அவை நடத்தியிருக்கிறார். பெயரும் பெட்டி என்பதால் குழப்பம் வேறு.

கே: 1992-ல் கன்சர்வேட்டிவ் ஆட்சி. லேபர்காரர் எப்படிச் சபாநாயகரானார்?

ப: ஆளுங்கட்சிக்கு 336 இடம், லேபருக்கு 271. முதலில் முன்மொழிந்தது அப்போதுதான் அமைச்சர் பதவியிலிருந்து வந்திருந்த பீட்டர் புரூக்கின் பெயரை. அவர் பெயருக்குப் பதில் பூத்ராய்ட் என்று திருத்தம் வந்தது. ஆதரவு 372, எதிர்ப்பு 238. கணக்குப் போட்டால் தெரியும், ஆளுங்கட்சி ஓட்டு இல்லாமல் 372 வராது. 1987 முதல் துணைச் சபாநாயகராக அவையை அவர் நடத்திய விதத்தை எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

கே: சபாநாயகர்கள் மரபாக வைக்கும் விக்கை (செயற்கை முடியை) அவரும் வைத்தாரா?

ப: இல்லை. அங்கி மட்டும்.

கே: ஓட்டு சமமானால் தன் பழைய கட்சிக்குப் போடலாமா?

ப: போடக் கூடாது, அவரும் போடவில்லை. 1993 ஜூலை 22, ஐரோப்பிய யூனியனை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம். அதோடு சேர்ந்த, தொழிலாளர் உரிமை பற்றிய சமூக உடன்படிக்கையை ஏற்கும்வரை ஒப்பந்தத்தை உறுதி செய்யக் கூடாது என்று, அரசின் தீர்மானத்துக்கு லேபர் திருத்தம் கொண்டுவந்தது. 317-க்கு 317. 19-ஆம் நூற்றாண்டுச் சபாநாயகர் டெனிசன் காலத்திலிருந்து வரும் மரபு இது: மேலும் விவாதிக்க இடமிருந்தால் அதற்கு ஓட்டு, இல்லையென்றால் உள்ளது உள்ளபடி இருக்க ஓட்டு. அவையில் இல்லாத பெரும்பான்மையை நாற்காலி உண்டாக்கக் கூடாது. ஆகவே திருத்தத்துக்கு எதிராகப் போட்டார். வேடிக்கை என்னவென்றால், எண்ணியதே பிசகு. அரசு உண்மையில் ஒரு ஓட்டில் ஜெயித்திருந்தது என்று பிறகு தெரிந்தது. அன்றிரவே திருத்தம் சேராத அந்தப் பிரதான தீர்மானத்தில் அரசு 316–324 என்று தோற்று, மறுநாள் நம்பிக்கை ஓட்டில் 339–299 என்று தப்பியது.

கே: வட அயர்லாந்தை அயர்லாந்தோடு இணைக்கக் கேட்கும் சின் ஃபெய்ன் கட்சி எம்.பி.க்களுக்கு அலுவலக அறை மறுத்தது ஏன்?

ப: 1997-ல் வென்ற ஜெரி ஆடம்ஸும் மார்ட்டின் மெக்கின்னஸும் அரசிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டோம் என்றார்கள். பிரமாணம் எடுக்காதவர் அவையில் உட்காரவும் ஓட்டுப் போடவும் முடியாது என்பது பழைய சட்டம். அலுவலகம் முதலான வசதிகளும் கிடையாது என்றது மட்டுமே பூத்ராய்டின் புதுத் தீர்ப்பு. இரண்டையும் சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

கே: 2000-ல் ராஜினாமா செய்தாரா? அங்கே எம்.பி. ராஜினாமா செய்ய முடியாது என்கிறார்களே?

ப: எம்.பி. பதவியைக் கடிதம் கொடுத்து விட முடியாது; அரசரின் சம்பளப் பதவி ஒன்றை ஏற்றால் இடம் தானாகக் காலியாகும். அதற்கென்றே பெயரளவில் வைத்திருக்கும் பதவி சில்டர்ன் ஹன்ட்ரட்ஸ். அக்டோபரில் அவரும் அந்த வழியில்தான் போனார். 2001-ல் பிரபுக்கள் சபைக்கு வந்து, லேபர் வரிசைக்குத் திரும்பாமல் கட்சி சாரா வரிசையில் உட்கார்ந்தார்.