மலேரியா இதயத்தையும் தொடுமா?

மலேரியாவிலிருந்து தேறிய அப்பாவுக்குப் படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது, நோய் இதயத்துக்குப் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. ஒடிசாவில் வேலை பார்த்துத் திரும்பிய என் அண்ணனுக்கு ஃபால்சிபாரம் என்ற கடுமையான வகை மலேரியா வந்தபோது நான்கு நாள் ஐசியூ வாசலில் உட்கார்ந்து இதே கேள்வியைக் கேட்டவன்.

இதயத்தைத் தொடும், ஆனால் பெரும்பாலும் சுற்றி வளைத்துத்தான். ஃபால்சிபாரம் கிருமி புகுந்த சிவப்பணுக்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொண்டு அடைக்கின்றன. இதயத்தின் குழாய்களிலும் தேங்கும். அப்படியிருந்தும் இதயத் தசை நன்றாகவே தாக்குப்பிடிக்கிறது. தசையே அழற்சி கண்டு வீங்குவது அரிது. அடிக்கடி நடப்பது வேறு. சிவப்பணுக்கள் உடைந்து ரத்தசோகை வந்துவிடுகிறது. இருக்கிற கொஞ்ச ரத்தத்தை வைத்து உடம்புக்கெல்லாம் ஆக்சிஜன் சேர்க்க இதயம் ஓடி ஓடி அடிக்கிறது. அண்ணனுக்கு ஹீமோகுளோபின் 7க்கு இறங்கியிருந்தது. காய்ச்சல் விட்டும் ஒரு மாதம் மூச்சு வாங்கியது. ரத்தம் ஊற ஊறக் குறைந்தது. அப்பாவுக்கும் முதலில் ஹீமோகுளோபினைப் பாருங்கள்.

ஐசியூவில் "இன்னொரு சலைன் பாட்டில் ஏற்றக்கூடாதா சிஸ்டர்?" என்று மன்றாடினேன். கடுமையான மலேரியாவில் அளவு மீறினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும் என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

அப்புறம் மருந்து. குயினைன், குளோரோகுயின் என்ற மலேரியா மருந்துகள் இரண்டும் இதயத்தின் மின்னோட்டத்தைத் தாமதப்படுத்தும். ஈசிஜியில் கியூடி இடைவெளி, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் மின்னோட்டம் கிளம்பி அடங்க எடுக்கும் நேரம், நீளும். சரியான அளவில் பெரும்பாலோருக்குத் தொந்தரவில்லை. இதயத் துடிப்புக்கு ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்களுக்குக் குறிப்பாகக் கவனம் வேண்டும். இதே குணம் ஒருகாலத்தில் மருந்தாகவும் ஆனது. டச்சு மருத்துவர் வெங்கெபாக்கிடம் ஒரு வணிகர், குயினைன் சாப்பிட்டால் தன் தாறுமாறான துடிப்பு சீராகிவிடுகிறது என்றார். வெங்கெபாக் அதை 1914இல் எழுதிவைத்தார். 1918இல் பெர்லினில் ஃபிரை, அதே சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கிடைக்கும் குயினிடின் இன்னும் நன்றாக வேலை செய்வதைக் கண்டார். பல பத்தாண்டுகள் அது இதய மாத்திரையாகவே இருந்தது.

நெஞ்சுவலி, மயக்கம், கால் வீக்கம், படுத்தால் மூச்சுத்திணறல், இவற்றில் ஒன்று இருந்தாலும் இன்றே போய் ஈசிஜியும் எக்கோவும் (இதய ஸ்கேன்) எடுத்துவிடுங்கள். போகும்போது அப்பா சாப்பிட்ட மலேரியா மாத்திரை அட்டையையும், பிரஷர், சுகர் மாத்திரைகளையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.