சிசேரியன் முடிந்து எத்தனை நாள் கழித்து எழுந்து நடக்கலாம்?

"அடுத்த மாதம் தேதி குறித்து சிசேரியன். பத்து நாள் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, இறங்கினால் தையல் விட்டுவிடும் என்கிறார் அம்மா. மறுநாளே நடக்க வைப்போம் என்கிறார் டாக்டர். யார் பேச்சைக் கேட்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

டாக்டர் பேச்சைக் கேளுங்கள். மகப்பேறு வார்டில் வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்ட்டாகச் சொல்கிறேன், பல பேருக்கு மறுநாள் வரைகூடக் காத்திருக்கத் தேவையில்லை. முதுகில் போடும் ஊசியால் மரத்துப்போன கால்கள் பொதுவாக 2 முதல் 4 மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்கும். காலை நன்றாக மடக்கி நீட்ட முடிந்து, பிரஷரும் சரியாக இருந்தால், அன்றைக்கே நர்ஸ் துணையோடு கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காரலாம். அன்று இரவோ மறுநாள் காலையோ எழுந்து நின்று பாத்ரூம் வரை நடக்கலாம். அதற்கடுத்த நாள், வார்டு வராந்தாவில் மூன்று நான்கு முறை சின்னச் சின்ன நடை.

இது சிக்கல் இல்லாமல் முடிந்த ஆபரேஷனுக்கான கணக்கு. ரத்தம் அதிகம் போனவர்கள், பிரஷர் ஏறி மெக்னீசியம் டிரிப் ஓடிக்கொண்டிருப்பவர்கள், முழு மயக்கம் கொடுக்கப்பட்டவர்கள் எப்போது எழுவது என்பதை அவர்களுடைய டாக்டர்தான் முடிவு செய்வார். 'ஊருக்கெல்லாம் ஒரே மருந்தா' என்று பின்னூட்டத்தில் கேட்க வருகிறவர்களுக்காக இதை முன்பே சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவைக் குறை சொல்லவும் இதை எழுதவில்லை. அவர் காலத்தில் முழு மயக்கம் கொடுத்து, தொப்புளுக்குக் கீழே நெடுக்காகக் கிழித்த ஆபரேஷன்கள் நிறைய. அந்த வலியைப் பார்த்தவர்கள் பயப்படத்தான் செய்வார்கள்.

இப்போது பெரும்பாலும் அடிவயிற்று மடிப்பை ஒட்டிக் குறுக்காகத்தான் வெட்டுகிறார்கள். தோல், அதற்கடியில் கொழுப்பு, அதற்கும் அடியில் வெள்ளையாகக் கெட்டியான ஓர் உறை. வயிற்றுச் சுவரின் பலம் இந்த உறையில்தான் இருக்கிறது, பலமான தையலும் இங்கேதான் விழுகிறது. உறைக்குக் கீழே மேலும் கீழுமாக ஓடும் இரண்டு நேர்த்தசைகளைப் பொதுவாக வெட்டுவதில்லை, நடுவில் பிரித்து இரு பக்கமும் ஒதுக்குகிறார்கள். நடக்கும்போது இந்த உறையில் விழும் இழுவை ஓர் இருமலில் விழுவதைவிடக் குறைவு. ஆபத்தான இழுவை எப்போது வருகிறது தெரியுமா? மல்லாந்து படுத்திருப்பவர் தலையைத் தூக்கி நேராக எழ முயலும்போது. இரண்டு நேர்த்தசைகளும் ஒரே நொடியில் இறுகி, வயிறு நடுவில் கூம்பிக்கொண்டு நிற்கும். 'எழுந்தேன், உயிர் போய்விட்டது' என்று சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படி எழுந்தவர்கள்தான்.

படுத்தே கிடப்பதில்தான் உண்மையான ஆபத்து. பிரசவத்தில் ரத்தம் அதிகம் போய்விடாமல் இருக்க, கர்ப்ப காலத்திலேயே ரத்தம் சீக்கிரம் உறையும் தன்மைக்கு மாறிவிடுகிறது. குழந்தை பிறந்து 6 வாரம் வரை அந்தத் தன்மை நீடிக்கும். அதோடு ஆபரேஷன், அதோடு அசையாத கால் என்றால் கெண்டைக்கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்து, அது நுரையீரலுக்குப் போகிற வாய்ப்பு கூடுகிறது. வாயு அடைத்து வயிறு உப்புவதும் சளி கட்டுவதும் தனி.

எழும் முறையை இப்போதே, வயிற்றில் குழந்தை இருக்கும்போதே பழகிவிடுங்கள். தேதி குறித்துச் செய்யும் ஆபரேஷனில் கிடைக்கும் பெரிய வசதி இதுதான். மல்லாந்து படுத்த நிலையில் ஒரு காலை மடக்குங்கள், பிறகு இன்னொன்று. பாதம் மெத்தையில் இருக்கட்டும். இடது பக்கம் இறங்கப் போகிறீர்கள் என்றால், தோள், இடுப்பு, முட்டி மூன்றும் ஒன்றாக இடது பக்கம் திரும்ப வேண்டும். மேல் உடம்பு முதலில் திரும்பி இடுப்பு பின்னால் வந்தால் தையல் முறுக்கிக்கொண்டு இழுக்கும். ஒருக்களித்த பின் ஒரு நிமிடம் அப்படியே படுத்திருங்கள். இப்போது இரண்டு கால்களையும் கட்டிலுக்கு வெளியே இறக்குங்கள். அதே நேரத்தில் இடது முழங்கையையும் வலது உள்ளங்கையையும் மெத்தையில் ஊன்றி, வாயால் மூச்சை விட்டுக்கொண்டே உடம்பைத் தள்ளி உட்காருங்கள். வேலை முழுவதும் கையில் இருக்க வேண்டும். வயிறு இறுகுவது தெரிந்தால் கை போதிய அளவு தள்ளவில்லை என்று அர்த்தம்.

இதில் பலரும் சறுக்கும் இடம் மூச்சு. பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு எழுவார்கள். அடக்கினால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி, அது அப்படியே தையலில் போய் முட்டும். கணவரோ அம்மாவோ கையைப் பிடித்து இழுத்து எழுப்புவதும் கூடாது. இழுக்கிற வேகத்துக்கு உங்கள் வயிறு தானாகவே இறுகிவிடும். துணைக்கு நிற்பவர் தோளுக்குப் பின்னால் கை கொடுத்துத் தாங்கினால் போதும்.

உட்கார்ந்தவுடன் நிற்காதீர்கள். காலைத் தொங்கவிட்டபடி இரண்டு மூன்று நிமிடம் பாதங்களை மேலும் கீழும் ஆட்டுங்கள். தலை சுற்றவில்லை என்றால் கட்டிலின் நுனிக்கு நகர்ந்து, இரு பாதமும் தரையில் நன்றாகப் பதிய, கையை ஊன்றி எழுங்கள். கட்டில் உயரமாக இருந்து பாதம் எட்டாவிட்டால் படிப்பலகை கேளுங்கள், குதித்து இறங்கக் கூடாது. முதல் முறை நிற்கும்போது கால் வழியாகக் கொஞ்சம் ரத்தம் சட்டென்று இறங்கும். படுத்திருந்தபோது உள்ளே தேங்கியது அது. இதைப் பார்த்து 'தையல் பிரிந்துவிட்டது' என்று அலறி மறுபடி படுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. முன்பே தெரிந்திருந்தால் பயம் வராது. கூன் போடாமல் நிமிர்ந்து நடங்கள். கூன் போட்டு நடந்தால் இரண்டே நாளில் முதுகு பிடித்துக்கொள்ளும்.

படுக்கையில் இருக்கும் நேரத்திலும் விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் 20 தடவை பாதத்தை ஆட்டுவது, நான்கைந்து முறை ஆழமாக மூச்செடுப்பது, இரண்டும் வேண்டும். இருமலோ தும்மலோ வந்தால் சின்னத் தலையணையைத் தையல் மேல் வைத்து இரு கையாலும் அழுத்திக்கொண்டு இருமுங்கள். மருத்துவமனைப் பையில் குழந்தைத் துணிக்கு முன்னால் அந்தத் தலையணையை வையுங்கள். ஆனால் தலைக்குத் தலையணையே வைக்காமல் ஒரு நாள் முழுக்க அசையாமல் படுத்தால்தான் முதுகு ஊசித் தலைவலி வராது என்பதற்கு ஆதாரம் இல்லை. உட்கார்ந்தால் மண்டை பிளந்து, படுத்தால் அடங்குகிற தலைவலி வந்தால் மயக்க டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்குத் தனி வைத்தியம் இருக்கிறது.

வலி மாத்திரையை வலி வந்த பிறகு போடுவது முதல் மூன்று நான்கு நாட்களுக்கு ஆகாது. மணி பார்த்துப் போட வேண்டும். பெரும்பாலும் பாரசிட்டமால் 1 கிராம் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் போகாமல். 50 கிலோவுக்குக் கீழே எடை உள்ளவர்களுக்கு அளவு குறையும். கூடவே டிக்ளோபினாக் அல்லது ஐபுபுரூபன், சாப்பிட்ட பிறகு. அல்சர், கிட்னிக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் இந்த இரண்டாவது வகையை எடுக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். 'தாய்ப்பாலில் மருந்து போகும்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கத் தேவையில்லை, இவை பால் கொடுக்கும்போது எடுக்கக்கூடியவைதான். மாத்திரை போட்டு முக்கால் மணி கழித்து நடந்தால் பாதி கஷ்டம் குறையும்.

இரண்டாம் மூன்றாம் நாளில் தையல் வலியைவிட வாயு வலிதான் பாடாய்ப் படுத்தும். சில பேருக்குத் தோள்பட்டையில் குத்தும். வயிற்றுக்குள் நின்ற காற்று, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் என்ற தசையைச் சீண்டுவதால் வரும் வலி அது, நடக்க நடக்கத்தான் குறையும். இங்கேதான் நம் வீட்டுப் பத்தியத்தோடு எனக்குச் சண்டை. பூண்டு, மிளகு ரசம், லேகியம் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. 'தண்ணீர் குடித்தால் தையல் சீழ் பிடிக்கும், வயிறு போடும்' என்று அரை டம்ளர் வெந்நீர் அளந்து கொடுக்கிறார்களே, அதை விடுங்கள். தண்ணீருக்கும் சீழுக்கும் சம்பந்தமே கிடையாது. அதோடு பிரசவத்துக்குப் பின் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை போட வேண்டியிருக்கிறது, அதுவே மலத்தைக் கட்டும். தண்ணீரும் காய்கறியும் குறைந்தால் மலம் கல்லாகி, முக்க வேண்டி வரும். நடப்பதற்குப் பயந்தவர்கள் கடைசியில் தையலைச் சோதிப்பது அங்கேதான். தாகத்துக்கு மேலேயே குடியுங்கள். தேவைப்பட்டால் மலம் இளக்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். வெஸ்டர்ன் டாய்லெட்டில் காலுக்குச் சின்ன மணை போட்டு, முட்டி இடுப்பைவிடக் கொஞ்சம் உயர இருக்கும்படி உட்கார்ந்து, வாயால் மூச்சு விட்டபடி போங்கள்.

பெல்ட் பற்றியும் கேட்பீர்கள். முதல் சில நாள் நடக்கும்போது போட்டால் பிடிமானம் கிடைக்கும், வலி குறையும். அவ்வளவுதான் அதன் வேலை. வயிற்றைக் கரைக்காது. வேட்டியால் கட்டினாலும் இதே கதைதான். மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் கீழே இறங்கி, ஏற்கெனவே குழந்தையைச் சுமந்து தளர்ந்த இடுப்புத்தளத் தசைகளை (சிறுநீரையும் காற்றையும் அடக்க உதவும் தசைகள்) தள்ளும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கழற்றிவிடுங்கள். அடியில் ஈரம் தங்கினால் தையலுக்குக் கேடு.

வீட்டுக்கு வந்த பிறகு படி ஏறலாம். கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக, நாளைக்கு ஓரிரு முறை. முதல் சில வாரம் பாயில் படுக்கை வேண்டாம், தரையிலிருந்து எழுவது கட்டிலிலிருந்து எழுவதைவிடப் பல மடங்கு சிரமம். உட்கார்ந்தே ஆக வேண்டும் என்றால், எழும்போது ஒருக்களித்து, கையையும் கால் முட்டியையும் ஊன்றி, ஒரு பாதத்தை முன்னால் வைத்து, நாற்காலியைப் பிடித்து எழுங்கள். சேலைத் தூளியைத் தரையை ஒட்டிக் கட்டாதீர்கள். குனிந்து குழந்தையைத் தூக்குவதை நாள் ஒன்றுக்குப் பத்துப் பதினைந்து முறை செய்ய வேண்டியிருக்கும். குழந்தை உங்கள் இடுப்பு உயரத்தில் படுக்கட்டும். 6 வாரத்துக்குக் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம். தண்ணீர்க்குடம், கிரைண்டர் கல், மூத்த பிள்ளை எல்லாம் இதில் சேர்த்தி.

பால் கொடுக்கும்போது குழந்தையை நெஞ்சுக்குக் கொண்டு வாருங்கள், நெஞ்சைக் குழந்தைக்குக் கொண்டு போகாதீர்கள். மடியில் தலையணை வைத்தோ, குழந்தையைக் கக்கத்துப் பக்கமாகப் பிடித்தோ, ஒருக்களித்துப் படுத்தோ கொடுத்தால் தையலில் பாரம் விழாது. 'முதுகில் ஊசி போட்டதிலிருந்து ஆயுசுக்கும் முதுகுவலி' என்கிறார்களே, ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். மாதக்கணக்கில் நீடிக்கிற வலிக்குப் பெரும்பாலும் காரணம் தளர்ந்த வயிற்றுத் தசையும் தினமும் பல மணி நேரம் கூனிப் பால் கொடுப்பதும்தான்.

இவ்வளவும் நடக்க வீட்டில் இன்னொரு ஜோடிக் கை வேண்டும். இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மத்திய அரசு ஊழியர் என்றால் மனைவியின் பிரசவத்துக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் தகப்பனுக்கு அப்படிக் கட்டாயமாகக் கொடுக்கச் சட்டமே இல்லை. 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். கிட்டத்தட்டப் பாதித் தாய்மார்கள் வயிற்றில் தையலோடு வீடு திரும்பும் மாநிலத்தில், முதல் இரண்டு வாரம் கூட இருக்க வேண்டியவனை மூன்றாம் நாள் ஷிப்டுக்குக் கூப்பிடுகிறார்கள். அதற்கும் மேலே 'உனக்கென்ன, வலி தெரியாமல் பெற்றுக்கொண்டாய்' என்று அந்தப் பெண்ணிடமே சொல்ல நாலு பேர் வருகிறார்கள். அடுக்கடுக்காகப் பிரித்துத் தைத்த உடம்பைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது?

பயிற்சிக்கு வருகிறேன். சிறுநீர் டியூபை எடுத்து, தானாகச் சிறுநீர் போன பிறகு இடுப்புத்தளப் பயிற்சியைத் தொடங்கலாம். காற்றையும் சிறுநீரையும் அடக்குவது போல உள்ளே மேலே இழுத்து, சில நொடி பிடித்து, முழுதாகத் தளர்த்துங்கள். பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. சிசேரியன்தானே, இது எதற்கு என்று விடாதீர்கள், ஒன்பது மாத பாரத்தைத் தாங்கியது அந்தத் தசைதான். முட்டியை மடக்கிப் படுத்து, மூச்சை விடும்போது அடிவயிற்றை மெதுவாக உள்ளே இழுப்பதும் முதல் வாரத்திலிருந்தே செய்யலாம். நடை முதலில் 5 நிமிடம், பிறகு வாரத்துக்கு வாரம் கூட்டி ஆறாவது வாரத்தில் அரை மணி. ஒரு நாள் கூடுதலாக அலைந்தால் உதிரப்போக்கு மறுபடி சிவப்பாகும், வலியும் ஏறும். அடுத்த நாள் குறைத்துக்கொள்ளுங்கள். எழுந்து உட்காரும் வயிற்றுப் பயிற்சி, ஓட்டம், குதிப்பு எதுவும் 12 வாரத்துக்கு முன் வேண்டாம். 6 வாரத்தில் தோல் ஆறிவிடும், உள்ளே அந்த உறைக்குப் பழைய பலத்தில் ஏறக்குறைய பாதிதான் திரும்பியிருக்கும்.

தையலைப் பிரித்து எடுத்த பிறகோ, கரையும் தையல் என்றால் டாக்டர் சொன்ன நாளிலிருந்தோ, சாதாரணமாகக் குளித்து, சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். வயிற்று மடிப்பு தையல் மேல் விழுந்து வியர்க்கும், நம் ஊர் வெயிலுக்கு அதுதான் பெரிய பிரச்சினை. மஞ்சள், பவுடர் எதுவும் போட வேண்டாம். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை வயிற்றில் அடிப்பதும் வேண்டாம். தழும்பைச் சுற்றி மரத்திருப்பது பல மாதம் நீடிக்கும், பயமில்லை. ஆனால் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தையல் சிவந்து பரவுவது, நாற்றத்தோடு நீர் வடிவது, ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதாக நனைவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே 108.

வண்டி எப்போது ஓட்டலாம் என்பது அடுத்த கேள்வியாக வரும். ஸ்கூட்டியை ஸ்டாண்டு போடுவதே அடிவயிற்று வேலை என்பதால் 6 வாரம் தள்ளி வையுங்கள். பிறகும் திடீர் பிரேக் அடித்தால் வலிக்கிறதா என்று நிற்கிற வண்டியில் பார்த்துவிட்டு எடுங்கள். பின்னால் உட்கார்ந்து போவதும் வேகத்தடை உள்ள தெருவில் லேசான காரியம் இல்லை. தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள்.