அடுத்த பட்டறைக்காரரிடம் எதைச் சொல்லலாம்? கேள்வி பதில்

கோவையில் பம்ப் பட்டறை வைத்திருப்பவர்: சார், என் டிசைனை வெளியே சொன்னால் நாளைக்கே பக்கத்துப் பட்டறையில் விலை குறைத்து விற்பார்கள். பகிர்ந்தால் வளரலாம் என்பது மேடைப் பேச்சுதானே?

உங்கள் பயம் நியாயமானதுங்க. ஆனால் பகிர்ந்தே வளர்ந்த ஊர் ஒன்று உண்டு: இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால். செம்புச் சுரங்கங்களில் ஊறும் தண்ணீரை நீராவி எஞ்சின் வைத்துத்தான் இறைக்க வேண்டும். நிலக்கரியோ அங்கே கிடையாது, வேல்ஸிலிருந்து கப்பலில் வரணும். 1811-இல் ஜோயல் லீன் என்ற சுரங்க மேலாளர் மாத அறிக்கை ஒன்றைத் தொடங்கினார். எந்தச் சுரங்கம், சிலிண்டர் எத்தனை அங்குலம், ஒரு புஷல் (பழைய ஆங்கில அளவு) நிலக்கரிக்கு எவ்வளவு தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது, எஞ்சினியர் யார், எல்லாம் அச்சில் வந்தது. 1840-களுக்குள் அந்த எஞ்சின்களின் சராசரித் திறன் மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

பொறியியல் மாணவர்: காப்புரிமை இல்லாமல் யார் மெனக்கெட்டுப் புதிதாகச் செய்வார்கள்?

தம்பி, அதற்கு முந்தைய கதையைப் பார். நீராவி எஞ்சினுக்கு ஜேம்ஸ் வாட் வாங்கிய 1769 காப்புரிமை, நீட்டிப்போடு 1800 வரை ஓடியது. மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை ராயல்டியாகச் சுரங்கங்கள் கட்டின. வேறு வடிவத்தில் முயன்றவர்கள் கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டார்கள். அது முடிந்த பிறகு, 1812-இல் ரிச்சர்ட் ட்ரெவிதிக் என்ற எஞ்சினியர் உயர் அழுத்த எஞ்சினை அங்கே நிறுவினார், அதற்குக் காப்புரிமை வாங்காமலே. எஞ்சினியர்களுக்கு அந்த அறிக்கையே விளம்பரம். பெயர் மேலே வந்தால் அடுத்த சுரங்கத்திலிருந்து அழைப்பு வரும். மருந்துத் துறைக்கு இது அப்படியே பொருந்தாது. ஆராய்ச்சிச் செலவு அங்கே வேறு கணக்கு.

தணிக்கையாளர் ஒருவர்: முதலாளிகள் எப்படி ஒத்துக்கொண்டார்கள்?

இதுதான் முக்கியமான கேள்வி. செம்பு விலை அவர்கள் கையில் இல்லை, பக்கத்துச் சுரங்கம் கரியை மிச்சம் பிடித்தால் இவர்களுக்கு நஷ்டமும் இல்லை. போதாததற்கு, ஒரே ஆட்கள் பல சுரங்கங்களில் பங்கு வைத்திருந்தார்கள். இந்த நிலைமை இல்லாத இடத்தில் "பகிருங்கள்" என்று உபதேசம் செய்து பயனில்லை.

திருப்பூர் வாசகி: ஊருக்கு என்ன கிடைத்தது?

கார்ன்வாலின் ஹெய்ல் ஊரில் இருந்த ஹார்வி ஃபவுண்டரி, நெதர்லாந்தில் ஹார்லெம் ஏரியை வற்றவைத்த க்ரூக்கியுஸ் எஞ்சினுக்கு 144 அங்குல சிலிண்டர் வார்த்துக் கொடுத்தது. ஆனால் 1866 வாக்கில் செம்பு விலை சரிந்தபோது எந்த அறிக்கையாலும் தாங்கிப்பிடிக்க முடியவில்லை. சுரங்கத் தொழிலாளிகள் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள்.

மீண்டும் பம்ப் பட்டறைக்காரர்: சரி சார், நான் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?

வாடிக்கையாளர் பட்டியலும் விலைக் கணக்கும் உங்களோடே இருக்கட்டும். காஸ்டிங்கில் எத்தனை சதவீதம் ரிஜெக்ட், ஒரு டன் உருக்க எத்தனை யூனிட் கரண்ட், இவற்றைச் சொல்லலாம். உங்கள் ஊரிலேயே 1956-இல் தொடங்கிய சிட்ரா (தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம்), 100 கிலோ நூலுக்கு எத்தனை ஆள்மணி என்று ஸ்பின்னிங் மில்களிடம் கணக்கு வாங்கி, பெயர் வெளியிடாமல் ஒப்பிட்டுக் காட்டுகிறது. தன் மில் எங்கே நிற்கிறது என்று அந்தந்த மில்லுக்குத் தெரியும். பத்து ஃபவுண்டரிக்காரர்கள் சேர்ந்து, எல்லோரும் நம்பும் ஒருவரிடம் மாதாமாதம் இரண்டே எண்களைக் கொடுங்கள். முதலில் ரிஜெக்ட் சதவீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதை மறைத்து யாருக்கும் லாபமில்லை.