என் மஞ்சள் சிக்லிட் மீன் 7 நாளாக இரை எடுக்கவில்லை, தொண்டை வீங்கியிருக்கிறது. மருந்து போடலாமா?

போடாதீர்கள். நீங்கள் வைத்திருப்பது எலக்ட்ரிக் யெல்லோ என்றும், தொட்டியில் ஆணும் இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் இது நோய் இல்லை, வாய்க்குள் முட்டை இருக்கிறது. தாடைக்குக் கீழே பை போலத் தொங்கி, மீன் எதையோ மெல்வதுபோல வாயை அசைத்துக்கொண்டே இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் வாழும் இந்தப் பாறை மீன்களில் பெண்தான் முட்டையை வாயில் சுமக்கும். 3 முதல் 4 வாரம், அதுவரை ஏறக்குறைய பட்டினிதான். (தொண்டை இல்லாமல் வயிறு வீங்கி, கழிவு வெள்ளை நூலாகப் போனால் அது வேறு விஷயம், உடனே தனித்தொட்டிக்கு மாற்றுங்கள்.)

இவ்வளவு அவசரமாகச் சொல்லக் காரணம், நான் மருந்து போட்டவன். அம்பத்தூரில் எங்கள் போர் தண்ணீர் நல்ல கடினம், பிஎச் 8 காட்டும், அதனால்தான் ஆப்பிரிக்க மீன் எடுத்தேன். 4 அடி தொட்டி, ஓர் ஆண், நான்கு பெண். ஒரு பெண் சாப்பிடவில்லை என்று மீன் வாங்கிய கடையில் கேட்டேன், நீல மருந்தைக் கொடுத்து தொட்டியிலேயே ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினேன். மறுநாள் அது முட்டைகளைத் துப்பிவிட்டது, மற்ற மீன்கள் தின்றுவிட்டன. அதோடு போகவில்லை, மீன் கழிவில் வரும் அம்மோனியாவைச் சிதைக்க ஃபில்டரில் இருந்த நல்ல பாக்டீரியாவும் செத்து அம்மோனியா ஏறியது. பிஎச் கூடுதலாக இருக்கும் தண்ணீரில் அம்மோனியாவின் விஷம் இன்னும் அதிகம். இரண்டு மீன் போனது. அந்தப் பெண் மீன் பிழைத்தது, ஆனால் அதன் முட்டைகளை நான்தான் அழித்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

இரண்டு மாதம் கழித்து அதே மீன் மறுபடி சுமந்தது. இந்த முறை தொடவே இல்லை. 18ஆம் நாள் 2 அடி தொட்டிக்கு மாற்றினேன், உள்ளே ஒரு பிவிசி பைப் துண்டும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் மட்டும். 24ஆம் நாள் காலையில் பார்த்தால் 14 குஞ்சுகள், ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் இருக்கும், அப்போதே நுணுக்கிய ஸ்பைருலினா பாசித் தீவனத்தைச் சாப்பிட்டன.

வாயைத் திறந்து முட்டையை உதறி எடுத்து, 'எக் டம்ளர்' என்ற நீரோட்டக் குழாயில் உருட்டிக் குஞ்சு பொரிக்க வைப்பதுதான் சரி என்று சிலர் கீழே சொல்ல வருவீர்கள். செய்து பழகியவர்கள் செய்யட்டும், நான் குறை சொல்லவில்லை. முதல் முறை பார்ப்பவர் மீனின் தாடையைக் கிழித்துவிடுவார், அதுதான் என் பயம்.

கேட்காத விஷயம் ஒன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'அசார்ட்டட் ஆப்பிரிக்கன்' என்று ஒரே தொட்டியில் பத்து வகையைக் கலந்து விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள். தன் இனத்தில் ஜோடி கிடைக்காவிட்டால் இவை வேறு இனத்தோடு கூடிவிடும், பிறகு குஞ்சு எந்த இனம் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படி ஒரு கலப்பு மீனைச் சுத்த ரகம் என்று என்னிடமே விற்றார்கள், வளர்ந்து கோடு விழுந்த பிறகுதான் தெரிந்தது. ஏரியில் ஒவ்வொரு பாறைக்கரைக்கும் ஒரு நிறம் என்று பிரிந்து வந்த மீன்கள் இவை, நம் வீட்டுத் தொட்டியில் குழப்பிவிடுகிறோம்.

சரி, உங்கள் மீனுக்கு வருகிறேன். இன்று 7ஆம் நாள் என்றால் இன்னும் பத்து நாள் கையே வைக்காதீர்கள். ஆண் விரட்டினால் கூடுதலாகக் கல் அடுக்கிப் பொந்து செய்து கொடுங்கள். தனித்தொட்டிக்கு மாற்றும் நாளில் விளக்கை அணைத்து, இருட்டில் மெதுவாகப் பிடியுங்கள். வலை வேண்டாம், ஒரு டப்பாவில் தண்ணீரோடு சேர்த்தே எடுங்கள்.