சிலுவையில் இறந்தவர் இயேசு. மீட்பில் பிதாவுக்கு என்ன பங்கு?

சிலுவை சுமந்தது மகன் இயேசு, பிதா, அதாவது தந்தையாகிய கடவுள், என்ன செய்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். நம்மைப் பாவத்திலிருந்து மீட்கும் வேலையைத் தொடங்கி வைத்ததே அவர்தான்.

கோபத்தில் இருந்த பிதாவை இயேசு வந்து சமாதானப்படுத்தினார் என்கிற மாதிரி நம்ம குமரி மாவட்டத்துக் கன்வென்ஷன் (நற்செய்திக் கூட்டம்) பந்தல்களில் சிலர் பேசுவதுண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. உலகத்தின் மேல் அன்புகூர்ந்து மகனைத் தந்தவர் பிதா என்கிறது யோவான் 3:16. உலகம் உண்டாகும் முன்பே அவர் நம்மைத் தெரிந்தெடுத்ததாக எபேசியர் 1:4 சொல்கிறது. (அந்தத் தெரிவு எப்படிப்பட்டது என்பதில் சபைக்குச் சபை தகராறு உண்டு, அது தனிக்கதை.) சொந்த மகனென்றும் பாராமல் ஒப்புக்கொடுத்தார் என்று ரோமர் 8:32.

சிலுவையோடு அவர் வேலை முடியவில்லை. இயேசுவை உயிரோடு எழுப்பினார். பரிசுத்த ஆவியை அனுப்பி நம்மைப் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டார் (கலாத்தியர் 4:4-6). பிதா இழுக்காமல் ஒருவரும் தம்மிடம் வர முடியாது என்று இயேசுவே சொல்கிறார் (யோவான் 6:44).

கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் பூசை காணும்போது கவனியுங்கள். பூசையின் மைய ஜெபமான நற்கருணை மன்றாட்டின் முடிவில் குருவானவர் அப்பத்தட்டையும் கிண்ணத்தையும் உயர்த்தி, 'இவர் வழியாக, இவரோடு, இவரில்' என்பார். 'இவர்' இயேசு. ஆனால் அந்த ஜெபம் போய்ச்சேருவது பிதாவிடம்.